பண்ணைப்புரத்துப் பெட்ரா

பண்ணைப்புரத்திலிருந்து மேற்கே மலையடிவாரத்துக்குப் போகும் மண்பாதையின் முடிவில் ‘ஏழு நகரங்கள்’ பூங்கா இருக்கிறது. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் சுயம்புலிங்கம் கட்டியது. மொகஞ்சதாரோவின் பெருங்குளம், அங்கோரின் கோபுரங்கள், மச்சு பிச்சுவின் படிவயல்கள் என்று அழிந்துபோன நகரங்களெல்லாம் அங்கே சிமெண்டிலும் ஃபைபரிலும் நின்றன. ஆனால் கூட்டம் வந்தது பெட்ராவைப் பார்க்கத்தான்.

அசல் பெட்ரா ஜோர்டான் நாட்டில் இருக்கிறது. நபத்தேயர் என்ற வணிக இனத்தார் செம்பாறை மலையைக் குடைந்து உண்டாக்கிய நகரம். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ஓர் இடுக்கு வழியாக உள்ளே நடக்க வேண்டும். கடைசி வளைவு திரும்பியதும் மலையிலேயே செதுக்கிய மாளிகை முகப்பு கண்ணெதிரே எழும்.

அந்த இடுக்குக்காகச் சுயம்புலிங்கம் மலையைக் குடையவில்லை. அவருடைய நிலத்தில் ஏற்கெனவே ஓர் ஓடை இருந்தது. பெரும்பாலும் வறண்டே கிடக்கும். இரு கரைகளிலும் உயரமாகச் சுவர் எழுப்பி, ரோஸ் நிறச் சாயம் அடித்து, ஓடைத் தரையையே நடைபாதையாக்கினார். கீழ்முனையில் கரைக்குக் கரை மாளிகை முகப்பை நிறுத்தினார். முன்பக்கம் ஃபைபர், பின்பக்கம் இரும்புச் சட்டம். ஓடைத் தண்ணீர் வந்தால் போவதற்கு முகப்பின் அடியில் ஒரு சிமெண்ட் குழாய்.

பூங்காவின் வழிகாட்டி நாகஜோதி வரலாறு படித்தவள். வருகிறவர்களை நுழைவாயிலில் நிறுத்தி, தினமும் ஒரே விஷயத்தை அலுக்காமல் விளக்குவாள்.

“பாலைவனத்துல மழை எப்பயாச்சும்தான் பெய்யும். பெஞ்சா பாறை ஒரு சொட்டுக் குடிக்காது. எல்லாத் தண்ணியும் இந்த மாதிரி இடுக்கத் தேடித்தான் ஓடியாரும். அதனால அவக என்ன செஞ்சாக? இடுக்கோட வாயில அணையக் கட்டி, பக்கத்து மலையக் கொடஞ்சு தண்ணியத் திருப்பிவிட்டாக. நகரம் அழிஞ்ச பெறகு அணையும் தூந்துபோச்சு. அறுவது வருசத்துக்கு முன்ன, சுத்திப் பாக்கப் போன சனம் அந்த இடுக்குக்குள்ளயே வெள்ளத்துல மாட்டிச் செத்தாக.”

இங்கே அணை எங்கே என்று அவள் ஒருமுறை முதலாளியிடம் கேட்டாள். “அணைய யாரு ஆத்தா போட்டோ எடுப்பா?” என்று அவர் சிரித்தார்.

ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை. நாகஜோதியின் தங்கை மாரீஸ்வரிக்கும் மாப்பிள்ளை வினோத்ராஜுக்கும் கல்யாணத்துக்கு முந்திய போட்டோ ஷூட். மற்ற கூட்டம் போகட்டும் என்று காத்திருந்து, சாயங்கால வெயிலில் மூன்று பேர் உள்ளே போனார்கள். மூன்றாவது ஆள் போட்டோகிராபர் சுரேஷ்கண்ணன், தோளில் பாட்டுப்பெட்டியோடு. மாரீஸ்வரி வாடகைக்கு எடுத்த சிவப்பு கவுன் போட்டிருந்தாள். அதன் வால் அவளைவிட நீளம். போனையும் செருப்பையும் அக்கா கையில் திணித்துவிட்டுப் போயிருந்தாள்.

நாகஜோதி நுழைவாயில் பெஞ்சில் உட்கார்ந்தாள். மலை உச்சியில் மேகம் கருத்திருந்தது. இங்கே வெயில் அடித்தது. உள்ளேயிருந்து பாட்டு கேட்டது. பக்கத்தில் வாய்க்கால் ஓடியது.

அந்த வாய்க்காலும் அசலைப் பார்த்துச் செய்ததுதான். பெட்ராவின் இடுக்கில் சுவரோரமாகக் குடிநீர் வாய்க்கால் செதுக்கியிருப்பார்கள். இங்கே ஓடையின் மேற்புறம், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில், பாறைக் குழி ஒன்றில் எப்போதும் கொஞ்சம் ஊற்றுநீர் நிற்கும். அதில் ஒரு ஹோஸ் பைப்பைப் போட்டு இறக்கியிருந்தார்கள். மேடு அதிகமில்லை, மூன்று ஆள் உயரம்தான். மோட்டார் இல்லாமல் தண்ணீர் தானாக வந்து வாய்க்காலில் விழுந்துகொண்டே இருக்கும்.

அந்தச் சத்தம் நின்றது.

நாகஜோதி திரும்பிப் பார்த்தாள். பைப்பின் வாயில் ஒரு குமிழி வந்து உடைந்தது. அதன்பின் ஒன்றும் இல்லை.

“அண்ணாச்சி, தண்ணி நின்னுபோச்சு.”

டிக்கெட் கூண்டிலிருந்து சுயம்புலிங்கம் எட்டிப் பார்த்தார். “சருகு அடைச்சிருக்கும். எப்பவும் நடக்குறதுதான?”

அடிக்கடி நடப்பதுதான். ஆனால் சருகு அடைத்தால் தண்ணீர் காலையில் மெலியும், மத்தியானம் நூலாகும், சாயங்காலம் சொட்டும். இது ஒரே அடியாக நின்றது. இளநீர் உறிஞ்சும் ஸ்ட்ராவின் மேல்முனையை விரலால் பொத்தினால் உள்ளே இருக்கும் இளநீர் கீழே விழாமல் அப்படியே நிற்குமே, அதுபோல. பாறைக் குழியில் பைப்பின் வாயை ஏதோ ஒன்று ஒரே நேரத்தில் பொத்தியிருக்கிறது. ஒரு குழி நிறையச் சேறும் இலையும் ஒரே மூச்சில் வந்து விழுந்தால்தான் அப்படிப் பொத்தும்.

அவள் மலையைப் பார்த்தாள். கையிலிருந்த செருப்பு நழுவியது.

“அண்ணாச்சி, மேல வெள்ளம் வந்திருச்சு! குழியத் தாண்டிருச்சு!”

“ஏ, வெயில் அடிக்குது. என்னத்தா பேசுற?”

“நீங்க கரை மேல ஏறுங்க!”

மாரீஸ்வரியைக் கூப்பிட வழியில்லை. அவள் போன் அக்காவின் கையில் இருந்தது. மற்ற இருவர் எண்ணையும் அழைத்துப் பார்க்கக்கூட நேரம் இல்லை. கத்தினால் வளைவுகள் குரலை விழுங்கும், மிச்சத்தைப் பாட்டு விழுங்கும். வெளியே வர ஒரே வழி இந்த நுழைவாயில். வெள்ளம் வருவதும் இதே வழிதான்.

நாகஜோதி உள்ளே ஓடினாள்.

இரண்டாவது வளைவில் முதுகில் குளிர்ந்த காற்று பட்டது. இடுக்குக்குள் காற்றே வராது. தண்ணீர் தனக்கு முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்று அவளுக்குப் புரிந்தது. காற்றில் புதுமண் வாசம். பிறகு ஒரு சத்தம். இரைச்சல் இல்லை, கல்லோடு கல் உரசும் சத்தம்.

முகப்பின் படிகளில் மாரீஸ்வரி வாலை விரித்து நின்றுகொண்டிருந்தாள். அக்கா வருவதைப் பார்த்துச் சிரித்தாள். “என்னக்கா, நீயும் போஸ் குடுக்க வந்துட்டியா?”

“வெள்ளம்! வெள்ளம் வருது! மாப்பிள்ளை, அந்தக் கதவ ஒடைங்க!”

நடுக்கதவு வெறும் ஃபைபர் பலகை. பின்னால் பல்பு மாட்டுகிறவர்கள் ஏறும் இரும்பு ஏணி இருக்கிறது. வினோத்ராஜ் விழித்தான். “கதவையா? மொதலாளி வைவாரே...”

“தண்ணிக்கு வழி விடாம நின்னா மொத்த முகப்பும் நம்ம மேல சாயும். மிதிங்க!”

அப்போது அவனுக்கும் சத்தம் கேட்டுவிட்டது. மிதித்தான். மூன்றாவது மிதியில் பலகை பிளந்தது. சுரேஷ்கண்ணன் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முதலில் நுழைந்தான். மாரீஸ்வரி ஏணியில் கால் வைத்தாள். கவுனின் வால் உடைந்த பலகையில் மாட்டிக்கொண்டது.

“அக்கா, வாடகைத் துணி!”

“கிழிடி!”

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். துணி கிழிந்தது. ஏறினார்கள்.

வெள்ளம் கடைசி வளைவைத் திரும்பியபோது அது தண்ணீர் போலவே இல்லை. மரக்கிளைகளும் சருகும் நுரையும் சேர்ந்த பழுப்புச் சுவர் ஒன்று நடந்து வந்தது. பாட்டுப்பெட்டி அதற்குள் போனபின்னும் ஒரு வரி பாடிவிட்டு நின்றது. முகப்பு அதிர்ந்தது. உள்ளீடற்ற தூண் ஒன்று படீரென்று ஒடிந்தது. உடைத்த கதவு வழியாகத் தண்ணீர் பீறிட்டு அவர்களுக்குக் கீழே பாய்ந்தது. ஏணியின் கீழ்ப்படிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மாரீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு மாதாவையும் மாரியம்மனையும் சேர்த்துக் கூப்பிட்டாள்.

கால்களுக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் நின்றது. கதவு வழி இருந்ததால்தான் அதற்கு மேல் ஏறவில்லை. ஆனால் முகப்பின் இரு ஓரங்களிலும் கரை கரைந்துபோயிருந்தது. இரும்புச் சட்டம் தீவு போலத் தனியாக நின்று முனகியது.

எவ்வளவு நேரம் போனதோ, வெளிச்சம் மங்கும் வேளையில் இரைச்சல் சட்டென்று நின்றது. தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வடிந்து, கீழே சேறும் கற்களும் தெரிந்தன. கரையில் சுயம்புலிங்கம் நின்றார். சட்டையெல்லாம் சேறு.

“வத்திருச்சு ஆத்தா! இறங்கி வாங்க! வெரசா வாங்க!” அவர் குரல் அழுதது.

“கடவுளே,” என்று வினோத்ராஜ் ஒரு படி இறங்கினான். மாரீஸ்வரியும் காலைத் தளர்த்தினாள்.

நாகஜோதி தங்கையின் தோளைப் பிடித்தாள். “யாரும் இறங்காதீக.”

“ஏங்க்கா? அதான் தண்ணி போயிருச்சே?”

“வெள்ளம் வடிஞ்சா கொஞ்சம் கொஞ்சமா வடியும்டி. இது ஒரேயடியா நின்னிருக்கு.”

மாரீஸ்வரி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். நாகஜோதி மெதுவாகத்தான் சொன்னாள். மேலே ஏதோ ஒரு வளைவில் அடித்துவந்த மரங்கள் ஒன்றோடொன்று சிக்கியிருக்கும். சருகும் மண்ணும் இடைவெளியை அடைத்திருக்கும். அதற்குப் பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். யாரும் கட்டாத அணை அது. எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது.

வினோத்ராஜ் இறங்கிய படியைத் திரும்ப ஏறினான். கரையிலிருந்து சுயம்புலிங்கம் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். “அண்ணாச்சி, பின்னால போங்க! மேட்டுக்குப் போங்க!” என்று நாகஜோதி கத்தினாள். அவர் ஒரு நொடி தயங்கினார். இந்த முறை எதிர்க்கேள்வி கேட்கவில்லை, திரும்பி ஓடினார்.

நால்வரும் இரும்பை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு சொட்டுச் சத்தம் இல்லை.

பிறகு, உடைந்த கதவு வழியாகக் குளிர்ந்த காற்று வந்து அவர்கள் பாதங்களில் பட்டது.