சேலைப் பிரிவில் உட்கார்ந்தவர்கள்

பழங்காநத்தத்து ஜவுளிக்கடை ஒன்றின் இரண்டாவது மாடியில், ஆடித் தள்ளுபடிக் கூட்டம் அலைமோதிய ஒரு மத்தியானம், சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் முத்துத்தாய் காற்றின்மேல் உட்கார்ந்தாள். கீழே நாற்காலி இல்லை, துணி மூட்டைகூட இல்லை. முழங்கால் மடிந்தது, இடுப்பு ஒரு பெஞ்சின் உயரத்துக்கு இறங்கி அங்கேயே நின்றுகொண்டது, அவ்வளவுதான். எதிரே சேலை பார்த்துக்கொண்டிருந்த திருமங்கலத்து அம்மாள் ஒருவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, "அந்த மாம்பழக் கலர எடுத்துக் காட்டுத்தா" என்றார். முத்துத்தாய் உட்கார்ந்தபடியே எடுத்துக் காட்டினாள்.

கொட்டாம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் முத்துத்தாய் அந்தக் கடையில் பல வருடங்களாக நின்றுகொண்டிருந்தாள். அங்கே வேலை பார்ப்பது என்று யாரும் சொல்வதில்லை, "எந்த செக்சன்ல நிக்கிற?" என்றுதான் கேட்பார்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்தபோது நிர்வாகம் உடனே ஸ்டூல்கள் வாங்கியது. பெண்களை அவற்றில் உட்காரவைத்து போட்டோ எடுத்து, போட்டோவைச் சுவரில் மாட்டி, ஸ்டூல்களைப் பிளாஸ்டிக் உறையோடு குடோனில் பூட்டியது. மேனேஜர் பாண்டியராஜன் கண்ணாடி அறைக்குள் சுழல் நாற்காலியில் இருந்து கேமரா பார்ப்பார். யாராவது ஒரு நிமிடம் முதுகைச் சாய்த்தால் மாடி முழுக்கக் கேட்கும்படி மைக்கில் சொல்வார்: "சேலை செக்சன், தூணு கடையோடது. சாயக் கூடாது." திங்கட்கிழமைக் கூட்டங்களில், நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பார். அதை அவர் உட்கார்ந்துகொண்டு சொல்வார், குடும்பம் நின்றுகொண்டு கேட்கும். துணியில் பருத்தி எது, பாலியஸ்டர் எது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு வந்ததில்லை. அவர் முதலாளியின் மச்சினர்.

முத்துத்தாய் உட்கார்ந்ததற்கு முந்தின நாள், பக்கத்தில் நின்ற பாண்டிமீனா மயங்கி விழுந்திருந்தாள். அவளுக்கு ஐந்து மாதம். முழுகாமல் இருப்பது தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று முத்துத்தாயிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாள். விழுந்தவள் பிரித்துப் போட்டிருந்த பட்டுச் சேலைகளின்மேல் விழுந்தாள். ஓடிவந்த மேனேஜர் குனிந்து பார்த்தார். "பட்டு கசங்கிருச்சா பாருங்க" என்றார். விஷயம் வெளியே வந்துவிட்டதால், மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றும் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார். செல்லூரில் இருக்கும் வீட்டுக்கு முத்துத்தாய்தான் அவளை ஆட்டோவில் கூட்டிப்போனாள். "இவங்கள ஒண்ணுமே செய்ய முடியாதாக்கா?" என்று பாண்டிமீனா கேட்டாள். முத்துத்தாய்க்கு அவமானமாக இருந்தது. வைகைப் பாலம் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

அவள் காற்றில் இருப்பதைக் கேமராவில் கண்ட மேனேஜர் துணி அளக்கும் கோலோடு வந்தார். கோலை அவளுக்குக் கீழே விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசினார். எதிலும் இடிக்கவில்லை.

"எதுலம்மா உக்காந்திருக்க?"

"ஒண்ணுலயும் இல்ல சார்."

"எந்திரி. கடையில உக்காரக் கூடாதுன்னு தெரியாதா?"

"ஸ்டூல்ல உக்காரக் கூடாதுன்னுதான் சொன்னீங்க. ஸ்டூல் எங்க சார் இருக்கு?"

மேனேஜர் அறைக்குப் போய்ச் சட்டம் படித்த ஒரு நண்பருக்குப் போன் செய்தார். விஷயத்தைக் கேட்டதும் நண்பர் போனை வைத்துவிட்டார். அதற்குள் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் மேலே வந்து பார்த்தார்கள், பார்த்தவர்கள் சும்மா போகாமல் சேலை எடுத்தார்கள். வாரக் கடைசியில் பழங்காநத்தத்து ரோட்டில் வண்டி நிறுத்த இடமில்லை. முதலாளி நேரில் வந்து, அவளை வாசல் கண்ணாடிக்குள் பொம்மைகளுக்கு நடுவே வைத்து விளக்குப் போடச் சொன்னார். மற்ற பெண்களுக்கும் இதைப் பழக்கிவிடும்படி மச்சினருக்கு உத்தரவு போட்டார்.

மச்சினர் பழக்கினார். எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, எல்லாம் மனதில்தான் இருக்கிறது என்று விளக்கி, செய்துகாட்ட உட்கார்ந்தவர் மல்லாக்க விழுந்தார். விழுந்ததற்குத் தரையைத் துடைத்தவளைத் திட்டினார். மறுபடி முயன்று மறுபடி விழுந்தார். நாள் முழுக்க நாற்காலியில் இருந்த உடம்பைக் காற்று தாங்கவில்லை. பெண்கள் சிரிக்காமல் நின்றார்கள். சிரிப்பை அடக்குவதில் அவர்களுக்கு நீண்ட அனுபவம் இருந்தது.

கண்ணாடிக்குள் போன முத்துத்தாயோ நின்றாள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கலைந்தது. மேனேஜர் வந்து, "உக்காரும்மா" என்றார்.

"வேணாம் சார். நிக்கிறேன்."

அன்றும் மறுநாளும் நின்றாள். கெண்டைக்கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்து வலி இடுப்புவரை ஏறியது. ஆனாலும் உட்காரவில்லை. கடைசியில் முதலாளியே வந்து என்னதான் வேண்டும் என்று கேட்டார். நிற்பவளிடம் அவர் எதையும் கேட்டது அதுவே முதல் தடவை.

"பாண்டிமீனாவ வரச் சொல்லுங்க. என்னைய மேல அனுப்புங்க. கண்ணாடிக்குள்ள உக்கார நான் பொம்மை இல்ல."

பாண்டிமீனா வந்தாள். படியேறிய களைப்பில் யாரையும் கேட்காமல் முத்துத்தாய்க்குப் பக்கத்தில் காற்றில் சாய்ந்து உட்கார்ந்து, வயிற்றில் கைவைத்து மூச்சு விட்டாள். அவளைப் பார்த்துச் சுடிதார் பிரிவு உட்கார்ந்தது. தீபாவளிக்குள் பில் போடும் பெண்கள்வரை எல்லாருக்கும் அது வந்துவிட்டது. வேடிக்கை பார்ப்பவர்கள் குறைந்துபோனார்கள். ஊழியர் நலனுக்காக என்று ஒரு சங்கம் பாண்டியராஜனுக்குக் கேடயம் கொடுத்தது. அதை வாங்கிக்கொண்டு, அந்த நலனைக் கொண்டுவந்தவர் தாம்தான் என்று அரைமணி நேரம் பேசினார். புதிதாகத் திறந்த கிளைக்கு அவரையே பெரிய மேனேஜராக அனுப்பினார்கள்.

அவருக்குப் பதிலாகச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். முதல் நாள் சாயங்காலம் இரண்டாவது மாடிக்கு ஏறியவர், மாடி நிறையப் பெண்கள் வெறும் காற்றில் அமர்ந்து சேலை மடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு படியிலேயே நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்த காவலாளி சங்கிலியிடம் மெதுவாக, "என்னங்க இது, எப்படி உட்கார்ந்திருக்காங்க?" என்று கேட்டார்.

சங்கிலிக்குக் கேள்வியே விளங்கவில்லை. "காலையில இருந்து நிக்கிறாங்கள்ல சார்" என்றார்.