மாதத்துக்கு ஒரு சாண்

செங்கம் ரோட்டில் திரௌபதி நடத்தும் டிபன் கடை, மூன்று வருடங்களுக்கு முன் சித்திரை மாதத்திலிருந்து, மாதத்துக்கு ஒரு சாண் வீதம் சுருங்க ஆரம்பித்தது. தக்காளி கிலோ எண்பதுக்கு ஏறியதும் அதே மாதம்தான். ரோட்டில் எல்லோரும் தக்காளியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். பதினாறடி அகலக் கடை அது. ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் அந்த சீசனில் பாதியாகக் குறைந்தார்கள், உள்ளூர்க்காரர்களும் கையை இறுக்கிக்கொண்டார்கள். திரௌபதி கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது இடதுபக்கச் சுவர் சத்தமே இல்லாமல் உள்ளே வந்தது. பக்கத்துச் செல்போன் கடைக்கும் அதற்கும் நடுவே ஒரு சந்து உண்டானது. முதல் மாதம் அதில் ஒரு பூனை குடியேறியது. நாலாவது மாதம் யாரோ மொபெட்டை நிறுத்தினார்கள்.

வாஸ்து பார்ப்பவர் ஒருவர் வந்து ஈசானிய மூலையில் தண்ணீர்த் தொட்டி வைக்கச் சொன்னார். தொட்டி இரண்டடியை அடைத்துக்கொண்டதுதான் மிச்சம். யாரோ சொன்னார்கள் என்று கட்டிய திருஷ்டிப் பூசணிக்காய் வருகிறவர் தலையில் எல்லாம் இடித்தது. திரௌபதிக்கு இருந்த கவலையே வேறு. பொன்னியை என்ன செய்வது? பொன்னி அடுப்படியில் ஒன்பது வருடமாக நிற்கிறவள். புருஷன் போன பிறகு இரண்டு பெண்களைத் தனியாளாகப் படிக்க வைக்கிறவள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவளிடம், "இந்த அடுப்பு எரியற வரைக்கும் உனக்கு வேல இருக்கு" என்று திரௌபதி வாக்குக் கொடுத்துவிட்டாள். சொன்ன சொல்லை விழுங்கி அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் சுவர் இப்படியே வந்துகொண்டிருந்தால் கடைக்குள் ஒரு ஆள்தான் நிற்க முடியும் என்கிற நாள் வரும், அன்றைக்கு யார் வெளியே போவது?

ஆடி மாதம் கட்டடச் சொந்தக்காரர் சின்னசாமியை டேப்போடு வரவழைத்தாள். "சதுர அடிக் கணக்குலதானே வாடக பேசனீங்க, அளந்து பாருங்கண்ணா" என்றாள். அவர் இரண்டு முறை அளந்தார். மூன்றடி கம்மி.

"ஏம்மா, என் கட்டடம் எங்கம்மா போச்சு?"

"யாவாரம் போன எடத்துக்குப் போச்சுங்க."

அவர் முணுமுணுத்தார். ஆனால் அதே வரிசையில் மூன்று கடைகளில் 'வாடகைக்கு' போர்டு தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, மூன்றடிக்கு உண்டான வாடகையைக் கழித்துக்கொண்டார். கடை ஒடுங்க ஒடுங்கச் சாமான்கள் வெளியேறின. பெரிய ஃப்ரிட்ஜை விற்றாள். அதோடு பாஸ்தாவும் பான்கேக்கும் முப்பது வகை ஜூஸும் போயின. அறுபத்திரண்டு ஐட்டம் இருந்த மெனு கார்டு இட்லி, தோசை, பொங்கல், வடை, காப்பி என்று அஞ்சுக்கு வந்து நின்றது. விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே! வேடிக்கை என்னவென்றால், மிச்ச ஐம்பத்தேழையும் ஒருத்தரும் கேட்கவில்லை. கார்த்திகையில் மட்டும் அவளுக்குப் புத்தி கெட்டுப்போனது. தீபக் கூட்டத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்று சாம்பாரில் பருப்பைப் பாதியாக்கித் தண்ணீரைக் கூட்டினாள். விடிந்து பார்த்தால் கடை ஒரே இரவில் மூன்று சாண் உள்ளே வந்திருந்தது. பொன்னி மிச்சச் சாம்பாரைச் சாக்கடையில் கொட்டிவிட்டுப் பருப்பை முழுசாக அளந்து போட்டாள். அதன் பிறகு வழக்கமான ஒரு சாண்தான்.

அடுத்த வைகாசியில் கடை மூன்றடிக்கு வந்தது. ஒரு அடுப்பு, ஒரு ஆள், அவ்வளவுதான் பிடிக்கும். அன்று காலையில் பொன்னி தன் மாற்றுச் சேலையையும் தட்டையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "நான் நின்னுக்கறேன்க்கா. வேற எங்கனா பாத்துக்கறேன்" என்றாள். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. திரௌபதி கல்லாவை விட்டு எழுந்தாள். "பைய வெச்சிட்டு உள்ள போடி. எனக்கென்ன தோச ஊத்தவா வரும்?" என்று அதட்டிவிட்டு, கல்லாவிலிருந்த சில்லறையை இடுப்புப் பையில் கொட்டிக்கொண்டாள். பொன்னி அவித்த இட்லியைப் பொட்டலம் கட்டி, இரண்டு தூக்குவாளி சாம்பாரோடு திரௌபதி ரோட்டில் இறங்கினாள். அன்று திங்கட்கிழமை, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் நாள். விடியற்காலையில் பஸ் பிடித்து வந்த கிராமத்து ஜனங்கள் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றார்கள். நூறு பொட்டலம் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்தது. மறுநாள் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், ஒரு வருடமாகக் கடைப் பக்கம் வராதவர்களிடம் "ஏன்பா வர்றதில்ல?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். சவாரி கம்மி, வந்துபோகிற பெட்ரோலுக்கே கட்டுப்படியாகவில்லை என்றார்கள். அப்படியானால் நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். "பசி கம்மியாவல பொன்னி, எடந்தான் மாறிப்போச்சு" என்றாள் அன்று மத்தியானம், ரோட்டில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டு.

ஆவணியில் பொன்னியிடமிருந்து போன் வந்தது. "அக்கா, செவுரு ஒரு சாண் வெளிய போயிருக்கு." திரௌபதி, "சரி, நாளைக்கு இன்னும் முப்பது இட்லி சேத்து ஊத்து" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். சந்திலிருந்த மொபெட்டைச் சொந்தக்காரர் எடுத்துக்கொண்டார். பூனை கூரைக்கு மாறியது. ஒன்றரை வருடத்தில் கடை பழைய பதினாறடிக்கு வந்தது. சின்னசாமி டேப்போடு வந்து பழைய வாடகையை எழுதிக்கொண்டு போனார்.

அன்றைக்குப் பொன்னி கல்லா மேசையைத் துடைத்து, நாற்காலியைப் போட்டு, "இனிமே உள்ள உக்காருங்கக்கா, காலு வீங்கிக் கெடக்குது" என்றாள். திரௌபதி ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாள். கால்மணி நேரம்கூட ஆகவில்லை, காரை பொலபொலவென்று உதிர்ந்து சுவர் ஒரு விரற்கடை உள்ளே வந்தது. "அட கண்றாவியே!" என்று எழுந்துவிட்டாள். சாப்பிட்டு முடித்த ஒருவர் ஐநூறு ரூபாயை நீட்ட, சில்லறை எடுப்பதற்காகப் பொன்னி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவர் வந்த விரற்கடை திரும்பிப் போனது. அதோடு நிற்காமல் மேலும் ஒரு சாண் போனது. பொன்னி பதறி எழப்போனாள். திரௌபதிக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, எத்தனை வருடத்து நாற்காலி! ஆனாலும் பொன்னியின் தோளைப் பிடித்து அமுக்கினாள். "உக்காருடி. வாடக ஏறும், ஏறட்டும்" என்றவள், இட்லி ஆறிக்கொண்டிருந்ததால் தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு ஓடினாள்.

இப்போது வாடகை ரசீதில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. செல்போன் கடைக்காரர் தன் அலமாரியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். தோசைக்கல்லுக்கு ஆதிலட்சுமி என்று ஒருத்தியை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். கூடுதலாகக் கிடைத்த அந்த ஒரு சாணில்தான் அவள் நிற்கிறாள்.