ரத ஹவுஸ்

2019 நவம்பர் பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை, லோரன்ஸ்டெட் என்ற ஜெர்மானியச் சிறுநகரம் சாமைக்காட்டு மேய்ச்சல் சரிவில் வந்து நின்றது. சாமைக்காடு வடகவுஞ்சிக்குக் கீழே, இரண்டே தெருக்கள் கொண்ட மலைக்கிராமம். முந்தின நாள் இறங்கிய பனிமூட்டத்துக்குள்ளிருந்து முதலில் ஒரு கோபுர மணி கேட்டது. பிறகு மதில், மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பதித்த வீடுகள், சந்தைச் சதுக்கம், அதன் நடுவே ஒரு கல்மீனின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் நீரூற்று என ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கோபுரக் கடிகாரம் நாலரை மணி நேரம் பின்தங்கி ஓடியது. மேயப்போன மாடுகள் சற்றுத் தயங்கிவிட்டு மதிலோரப் புல்லில் வாய் வைத்தன.

லோரன்ஸ்டெட்காரர்கள், சாமைக்காடுதான் தங்கள் ஊருக்கு வந்திருக்கிறது என்று நினைத்தார்கள். அதனால் விருந்தாளிகளிடம் காட்டும் மரியாதை இரண்டு பக்கமும் இருந்தது. மலைவாழை உள்ளே போனது, கறுப்பு ரொட்டி வெளியே வந்தது. நெடுங்காலமாகத் தீயே பிடிக்காத அந்த ஊரில் அறுபது பேர் சனிக்கிழமைதோறும் கூடித் தீயணைப்பு வண்டியைக் கழுவுவதைச் சாமைக்காட்டு ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

அந்த ஐப்பசிக் காற்றில் தேர்க்கொட்டகையின் கூரை பறந்துபோய், முருகன் தேர் தார்ப்பாய்க்கடியில் நனைந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு அடித் தேர்தான். ஆனால் மேலத்தெருவும் கீழத்தெருவும் சேர்ந்து செய்கிற ஒரே காரியம், தைப்பூசத்தன்று தெருவுக்கொரு வடமாகப் பிடித்து அதை இழுப்பது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை செருகித் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் மேலத்தெருப் பொன்னுவேலின் சோலி. மற்ற நாட்களில் ஜீப்பில் வாழைத்தார் ஏற்றிப் பழனிக்குப் போகிறவர் என்பதால் ஆங்கிலப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிப்பார். சதுக்கத்தில் கல்தூண்கள் தாங்கிய உயரமான திறந்த மண்டபம் ஒன்று இருந்தது. அதன் நெற்றியில் ஆர், ஏ, டி, ஹெச், ஏ, யூ, எஸ் என்று எழுதியிருந்தது.

“ரத ஹவுஸ். நடுவுல ரெண்டு மூணு எழுத்த பெயின்டர் முழுங்கிட்டான்” என்றார் பொன்னுவேல்.

மண்டபத்தின் உயரமும் அகலமும் தேருக்காகவே கட்டியதுபோல் இருந்ததால் யாரும் மறுத்துப் பேசவில்லை. தேரை இழுத்துவந்து உள்ளே நிறுத்தினார்கள். மாடியிலிருந்து இறங்கி வந்த அலுவலர் தேரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டி, தேரையும் ஒரு காலிக் கட்டத்தையும் மாறிமாறிச் சுட்டினார். யாருடையது என்று கேட்கிறார் எனப் புரிந்துகொண்ட பொன்னுவேல், ‘ஊர்ப்பொது’ என்று ஆங்கில எழுத்தில் எழுதினார். முத்திரை விழுந்து, ஒரு நகல் அவர் கைக்கு வந்தது. நவம்பர் இருபத்தேழாம் தேதி பனி விலகியபோது சரிவில் புல் மட்டும் இருந்தது. நகரமும் இல்லை, தேரும் இல்லை.

ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போவதற்காக அந்த மொழியைப் படித்துக்கொண்டிருந்த கொடைக்கானல் ஆக்ஸிலியா, செய்தி கேள்விப்பட்டு ஒரு வாரம் கழித்து வந்து படிவத்தைப் பார்த்தாள்.

“அது ராட்-ஹவுஸ் அண்ணே. ராட்னா ஆலோசனை. நகரசபை ஆபீஸு.”

“அப்ப தேரக் கொண்டுபோயி பஞ்சாயத்து ஆபீஸ்லயா விட்டேன்?”

“ஆமாண்ணே. ஆனா பத்திரமா இருக்கும். சீல் வச்சிருக்காங்கல்ல.”

2020 தைப்பூசம் தேரில்லாமல் போனது. கீழத்தெருவுக்குத் தலைவரான நாச்சிமுத்து, பொன்னுவேலின் மனைவி முருகேஸ்வரிக்கு அண்ணன். டீக்கடையில் எல்லோரும் கேட்கும்படி, “என்ன மாப்ள, அடுத்து கோயில எந்த ஆபீஸ்ல விடப்போறீங்க?” என்றார். கடை முழுக்கச் சிரித்தது. அடுத்த பூசத்துக்குள் தேர் திரும்பாவிட்டால் கீழத்தெரு தனக்கென்று தனித்தேர் செய்துகொள்ளும் என்று முடிவானது. தேர் இரண்டானால் திருவிழா இரண்டு, ஊர் இரண்டு, ஒரு தெருவின் நல்லது கெட்டதுக்கு மறுதெரு போகாது. ஒரு தெருவில் பிறந்து மறுதெருவில் வாழ்க்கைப்பட்ட முருகேஸ்வரி அதன்பிறகு டீக்கடைப் பக்கம் போகவில்லை.

அந்த ஆண்டு நவம்பரில் பனி இறங்கவில்லை. டிசம்பர் முதல் வாரப் புயல்மழையோடுதான் இறங்கியது. கொடைக்கானலுக்கு வருகிறவர்களிடம் இ-பாஸ் கேட்ட அந்த நாட்களில், ஒரு நகரமே எந்த பாஸும் இல்லாமல், எல்லோரும் முகக்கவசம் போட்டபடி வந்து நின்றது. தேர் எண்ணெய் பூசிப் பளபளப்பாக இருந்தது. ஆனால் உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்றார் கண்ணாடி போட்ட மேயரம்மா. உரிமையாளர், திருவாளர் ஊர்ப்பொது.

“அது ஆளு இல்லம்மா, ஊரு. ரெண்டு தெருவும் சேந்தது” என்று ஆக்ஸிலியாவிடம் சொன்னார் பொன்னுவேல்.

அவள் மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்ட மேயர், 1634-இல் நகரம் எரிந்ததிலிருந்து தங்கள் மேல்பகுதிக்காரர்களும் கீழ்ப்பகுதிக்காரர்களும் சேர்ந்து செய்வது அந்தத் தீயணைப்பு வண்டியைக் கழுவுவது மட்டும்தான் என்றார். பிறகு, அப்படியானால் திருவாளர் ஊர்ப்பொது முழுவதுமாக வரட்டும், பாதி வந்தால் செல்லாது என்று முடித்தார்.

மேலத்தெரு பத்து மணிக்கே வந்துவிட்டது. கீழத்தெரு வரவில்லை. பனி மெலிந்து மதிலின் ஒரு மூலை கரையத் தொடங்கியிருந்தது. முருகேஸ்வரி அண்ணன் வீட்டு வாசலுக்குப் போனாள்.

“அண்ணே, தேரு வேணாம்னா வேணாம். நாளைக்கு எங்க வீட்ல ஒரு நல்லது கெட்டதுன்னா நான் எந்தத் தெருவுல நின்னு உங்களக் கூப்புடணும்? அத மட்டும் சொல்லிட்டு உக்காந்துக்கங்க.”

நாச்சிமுத்து செருப்பை மாட்டினார். “வெரசா வாங்கப்பா” என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். கடைசிக் கையெழுத்து அவருடையது. தேரில் வடங்களைக் கட்டி, மதில் வாசலுக்கு வெளியே நீட்டி, சரிவில் நின்று இரண்டு தெருவும் இழுத்தன. தேர் ஓரடி நகர்ந்தது. அப்போது பனி விலகியது.

நகரம் போய்விட்டது. ஆனால் இழுத்தவர்களில் ஒருவரும் மல்லாந்து விழவில்லை. வடங்கள் இரண்டும் இடுப்புயரத்தில் விறைப்பாக நின்று, சற்றுத் தொலைவில் வெறும் காற்றில் முடிந்தன. கனம் அப்படியே இருந்தது. “இழுங்கலே, என்னத்தப் பாக்கிறீங்க” என்றார் நாச்சிமுத்து.

நகரம் அதன்பிறகு வரவில்லை. ஒவ்வொரு தைப்பூசத்தன்றும் மாலை மூன்று மணிக்குக் கோயிலில் சுருட்டி வைத்த வடங்களை இரண்டு தெருவும் எடுக்கின்றன. எடுத்ததும் அவை விறைக்கின்றன. உற்சவர் பின்னால் ஜீப்பில் வருகிறார். கண்ணுக்குத் தெரியாத தேருக்குப் போட்டியாக எப்படி ஒன்று செய்வது என்று புரியாததால் கீழத்தெரு தனித்தேர்ப் பேச்சை விட்டுவிட்டது.

ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்த ஆக்ஸிலியா 2022-இல் ரயில் பிடித்து லோரன்ஸ்டெட்டுக்குப் போனாள். ஆண்டுக்கொரு நாள் காலை பத்தரை மணிக்குத் தேர் தானாகவே மண்டபத்தை விட்டு இறங்கிச் சதுக்கத்தைச் சுற்றுகிறது, அன்று அங்கே வண்டி நிறுத்தக் கூடாது என்று நகரசபை பலகை வைத்திருக்கிறது, வடங்கள் இங்கே டீக்கடையைத் தாண்டுகிற நேரத்தில் அங்கே தேர் இடித்துக் கல்மீனின் வால் உடைந்திருக்கிறது என்று போனில் சொன்னாள்.

“டீக்கடைக்குப் பன்னெண்டு அடி முன்னாடியே கட்டையப் போட்டுருங்கண்ணே.”

பொன்னுவேல் அப்படியே செய்கிறார். டீக்கடைக்குப் பன்னிரண்டு அடி முன்னால் வெறும் சாலையில் குனிந்து முட்டுக்கட்டையை வைக்கிறார். கட்டை நசுங்குகிறது, வடங்கள் இடப்பக்கம் திரும்புகின்றன. மறுநாள் சக்கரத்தடங்களை ஊராட்சி ஆட்கள் மண் போட்டு மூடுகிறார்கள். மீனுக்குப் புது வால் வைத்தாயிற்று என்று தகவல்.