வேலிக்கு உள்ளே போன தம்பி

கோயில் நகரமான அக்ஸூமில் பேருந்தை விட்டு இறங்கவே வேண்டாம் என்றான் ஹாலெஃபோம். அவன் அக்கா மெப்ரஹித்துதான் பிடிவாதம் பிடித்தாள். சீயோன் மாதா திருவிழா அன்றைக்கு இந்த வழியாகப் போய்க்கொண்டு, கோயிலை எட்டிப் பார்க்காமல் போனால் ஊரில் யார் முகத்தில் விழிப்பது? மதியப் பேருந்தைப் பிடித்தால் சாயங்காலம் வீடு. அங்கே அம்மா, மகனைப் பார்க்காமல் கண்ணை மூடமாட்டேன் என்று பத்து நாளாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தாள். ஏழு வயதில் மலை மடத்துக்குப் போனவன். இருபத்தைந்து வருஷத்தில் இப்போதுதான் முதன்முறையாக மூன்று நாள் அனுமதி வாங்கி இறங்கி வந்திருந்தான்.

பழைய கோயில் வளாகத்துக்குள் பெண்கள் போகக் கூடாது; தம்பி மட்டும் போனான். இரும்பு வேலிக்கு வெளியே, வெள்ளை போர்த்திய பெண்கள் கூட்டத்தில் அவளும் நின்றாள். கும்பிட்டுவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

கொஞ்ச நேரத்தில் தலைப்பாகை கட்டிய குரு ஒருவர் வேலியோரம் வந்து பேச்சுக் கொடுத்தார். உன் தம்பியா, எந்த மடம், கல்யாணப் பேச்சு ஏதாவது உண்டா, உடம்பில் குறை உண்டா, கோபம் வருமா. தம்பியின் பெருமையைப் பேச எந்த அக்காவுக்குக் கசக்கும்? மெப்ரஹித் ஒன்றுவிடாமல் அளந்தாள். அவர் கைச்சிலுவையை நீட்டி முத்தமிடச் செய்துவிட்டு உள்ளே போனார். அவர் போனதும், அதுவரை உள்ளே முழங்கிக்கொண்டிருந்த திருவிழா முரசு நின்றது.

பக்கத்தில் மெழுகுத்திரி விற்றுக்கொண்டிருந்த லெத்தாய் குரலைத் தாழ்த்தினாள். உள்ளே, கடவுளின் கட்டளைப் பலகைகள் இருக்கும் உடன்படிக்கைப் பெட்டியைக் காக்கும் சாமியார் மூன்று நாளாகக் கஞ்சிகூடக் குடிக்கவில்லையாம். தனக்கு அடுத்தவர் யார் என்று கை காட்டாமல் போய்விடுவாரோ என்று மூப்பர்கள் தவிக்கிறார்களாம். மெப்ரஹித் கம்பிகளுக்கு நடுவே தம்பியைத் தேடினாள். அந்தக் காவலுக்குப் போனவர் பிணமாகத்தான் வேலியைத் தாண்டுவார் என்பது அந்தச் சீமையில் பால்குடி மறவாத பிள்ளைக்கும் தெரியும்.

அப்போதுதான் ஹாலெஃபோம் வேலிக்கு ஓடி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"வெளியூர் சாமியாருங்களுக்கு ஆசீர்வாதம்னு கூப்பிட்டாங்கக்கா. பெட்டியைக் காக்குற பெரியவரு என் கையைப் பிடிச்சவரு விடவே மாட்டேங்கிறாரு. மூப்பருங்க என்னையே பார்க்கறாங்க. மறுபடி வரச் சொல்றாங்க."

இப்படியே நழுவி வா என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். ஆனால் அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து நின்றுவிட்டதால் கிசுகிசுத்தாள்.

"கேட்டாங்கன்னா, நான் பாவி, இதுக்குத் தகுதியே இல்லாதவன், வேற ஆளைப் பாருங்கன்னு காலைப் பிடிச்சு அழு. ஒரு வார்த்தை மாத்தாத, தெரியுதா?"

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். சமயத்தில் மூளை வேலை செய்ததே என்று மெப்ரஹித் பெருமூச்சு விட்டாள்.

"என்னம்மா சொல்லிக்கொடுத்த?" என்றாள் லெத்தாய்.

மெப்ரஹித் சொன்னதும் லெத்தாய் போர்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். முன்னொரு தடவை, நான் தயார் என்று சந்தோஷமாகச் சொன்ன ஒருவரை அன்றைக்கே வழிச்சோறு கட்டி அனுப்பிவிட்டார்களாம். ஆசைப்பட்டவன் கை அந்தப் பெட்டிமேல் படக்கூடாதாம்.

"தகுதி இல்லன்னு அழறவரைத்தாம்மா அவங்க தேடறதே."

மெப்ரஹித் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு தம்பியைக் கூவி அழைத்தாள். வேணும்னு சொல்லுடா, ஆசையா இருக்குன்னு சொல்லுடா என்று தொண்டை கிழியக் கத்தினாள். அதற்குள் உள்ளேயிருந்து சேதி வந்துவிட்டது. ஆயிரம் பெண்களும் ஒரே நேரத்தில் குலவையிட்டார்கள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் அவள் தோளை முத்தமிட்டு, நீ கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவர்களையெல்லாம் அறைய வேண்டும் போலிருந்தது.

அவன் வந்தபோது தோளில் காவலருக்குரிய மஞ்சள் துணி போர்த்தியிருந்தார்கள். வேலிக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டான்.

"நீ சொன்ன மாதிரியே சொன்னேன்க்கா. அழக்கூட செஞ்சேன்."

அவன் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அம்மாவை இங்க கூட்டிட்டு வர முடியுமாக்கா?"

கட்டிலிலிருந்து தூக்கினாலே அந்த உயிர் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"முடியும்டா."

"அப்ப நாளைக்கு விடிஞ்சதுலேர்ந்து இங்கயே நிக்கிறேன்" என்றான் ஹாலெஃபோம்.