இறக்கத்தில் நின்ற கார்

என் வீட்டுக்காரர், மலாயாவில் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவர். மூன்று வாரத்துக்கு முன் காரைக் கிளப்ப முன்பக்கத்து இரும்பு ஹேண்டிலைச் சுற்றும்போது அது எதிர்த்து அடித்து, அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. அன்றிலிருந்து நாங்கள் கூட்டுக் களவாணிகள். "வெளிய மூச்சு விடாத செல்லாயி. கை போச்சுன்னு தெரிஞ்சா ஊருக்குக் கப்பல் ஏத்திருவாங்க" என்றார். ஒற்றைக் கையால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. ஊரிலும் எங்களுக்குக் குழி நிலம் கிடையாது.

துரைக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஹேண்டில் என்றால்தான் நடுக்கம். பக்கத்துத் தோட்டத்துத் துரையின் தாடையை அது பெயர்த்துவிட்டதாம். அந்தப் பயம்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

கை முறிந்த பிறகு இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பங்களா வாசலிலிருந்து ஈப்போ ரோடு வரை நல்ல இறக்கம். மேட்டில் காரை நிறுத்துவார், நான் சக்கரத்துக்குக் கல் வைப்பேன். காலையில் துரை பின்சீட்டில் ஏறியதும், வாசல் கூட்டுகிற சாக்கில் கல்லை எடுப்பேன். கார் சத்தமில்லாமல் உருளும். இவர் கியரைப் போட்டு, இடது காலால் கிளட்ச்சை அமுக்கிக்கொண்டே போவார். வேகம் பிடித்ததும் காலை எடுப்பார். வண்டி ஒரு உலுக்கு உலுக்கிக் கிளம்பிவிடும். ஈப்போவில் ரிக்‌ஷாக்காரர்கள் தள்ளிவிடுவார்கள். ஒருநாளும் தப்பவில்லை. துரையே மெச்சினார். கெட்டிக்காரனுக்கு வாக்கப்பட்டிருக்கிறேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இவர் பின்கதவைத் திறந்து பிடித்திருந்தார். துரை அவரைத் தாண்டிப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

"நீ வரவேணாம் சன்னாசி. தினம் பார்த்தேன். நானே கத்துக்கிட்டேன்."

கோபமே இல்லை. சந்தோஷமாகத்தான் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "கல்லை எடு" என்றார். சொன்னது மண்டையில் ஏறுவதற்குள் என் கை எடுத்துவிட்டது. பாவி, நான்தான் எடுத்தேன்.

கார் உருண்டது. கிளம்பக் கூடாது மாரியாத்தா, கிளம்பவே கூடாது என்று வேண்டினேன்.

இவர் என் பக்கம் திரும்பவில்லை. காரையே பார்த்தபடி நின்றார். அவருடைய இடது கால் வெறும் மண்ணை அமுக்கிக்கொண்டிருந்தது. கார் பாதி இறக்கத்தில் இருந்த பலாமரத்தைத் தாண்டியதும் அந்தக் கால் மெல்ல மேலே எழும்பியது. அதே நொடியில், கீழே இஞ்சின் பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.