வெர்லினுக்கு உட்காரத் தெரியவில்லை

மே மாத மழையில் படகுத்துறைப் படியில் வழுக்கி விழுந்து மிஸ் வெர்லினின் வலது மணிக்கட்டு முறிந்தபோது, எங்கள் கடலோர ஊரான புளூஃபீல்ட்ஸில் மொரேவியன் கிறிஸ்தவ சபையின் பாதி வேலை நின்றுபோனது. ஆர்கன் வாசிப்பது அவள். பாடகர் குழுவைப் பழக்குவது அவள். ஆராதனை முடிந்ததும் தேங்காய் ரொட்டியை அறுத்துப் பரிமாறுவதும் அவள்தான். நான் அந்தக் குழுவில் பாடுகிறவள். அவளுக்கு அடுத்த வீடு. இடையில் பலகைச் சுவர்தான், அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

மாவுக்கட்டோடு வந்த முதல் ஞாயிறு, என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பதிலாக எங்கள் குழுவிலிருக்கும் ஹென்ட்ரிக் கிடார் வாசித்தான். பாட்டின் பாதியில் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். பிரசங்கத்தின் நடுவில் மின்விசிறியைத் திருப்பினாள். ஜெபத்தின்போது கண்ணைத் திறந்து பார்த்தேன், காணிக்கைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வாசலில் பாஸ்டர் கிளைவ் சிரித்தார். "மிஸ் வெர்லின், ஆண்டவர் உங்களுக்கு லீவு கொடுத்திருக்கார். அனுபவிங்களேன்."

"லீவா? என்னை ஓரமாத் தள்ளிட்டார்னு சொல்லுங்க, பாஸ்டர். ஏதாவது வேலை குடுங்க. இன்னொரு கை நல்லாத்தானே இருக்கு?"

"சும்மா உட்கார்ந்து பாட்டைக் கேளுங்க."

"அந்தப் பாட்டையா? ரெண்டாவது அடியிலயே சுதி போயிடுச்சு!"

ஊர் மரியாதைக்கு 'மிஸ்' என்று கூப்பிட்டாலும் அவளுக்குப் புருஷன் உண்டு. ஆஸ்போர்ன் ஒரு காலத்தில் சிங்கிறால் பிடிக்கக் கடலில் மூழ்குகிறவன். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் ரத்தத்தில் காற்றுக் குமிழ் அடைத்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். கை முறிந்த பிறகு அவளால் சமைக்க முடியாததால், அந்த ஞாயிறு சாயங்காலம் தேங்காய்ப்பாலில் மீனும் மரவள்ளியும் கொதிக்கவைத்து எடுத்துப்போனேன். தெருவில் தூரத்தில், மே மாதத் திருவிழாவில் ரிப்பன் கட்டிய மரத்தைச் சுற்றி ஆடும் மே மரத்து ஆட்டத்தின் மேளம் கேட்டது. வெர்லின் அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"உட்காரேன் வெர்லி, பலகை தேயுது," என்றான் ஆஸ்போர்ன்.

"உட்கார்ந்து என்ன செய்ய? பிரயோஜனமில்லாத ஆளை வெச்சுக்கிட்டு ஆண்டவர்தான் என்ன பண்ணுவார்?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "அப்ப நான்?"

"நீ என்ன?"

"என்னைக் கடல்லேர்ந்து தூக்கிட்டு வந்த பிறகு ஒரு மீன் பிடிச்சேனா? ஒரு ஆணி அடிச்சேனா? என்னை எதுக்கு வெச்சிருக்கே?"

"கிறுக்கு மாதிரி பேசாதே. நீ என் புருஷன்."

"புருஷனா, வேலையா? குளிப்பாட்டுறே, துணி மாத்துறே, சோறு ஊட்டாத குறைதான். நன்றி இல்லேங்கல. ஆனா ஒருதரமாவது என் பக்கத்துல சும்மா உட்கார்ந்திருக்கியா?"

எழுந்து போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது. வெர்லின் இடது கையால் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். பிறகு துணியைப் போட்டுவிட்டு அவனெதிரே உட்கார்ந்தாள்.

"நீ மட்டும்? என் சமையலுக்காகத்தானே என்னைக் கட்டிக்கிட்டே?"

"உன் சமையலுக்கா!" அவன் வாய்விட்டுச் சிரித்தான். "மே மரத்தைச் சுத்தி நீ ஆடினதைப் பார்த்துத்தான். அந்தப் பொண்ணுக்கு ஒரு முட்டை வேகவைக்கத் தெரியாது. ஒரு காரியத்துக்கும் ஆக மாட்டா. இருந்தாலும் எனக்கு அவதான் வேணும்னு இருந்துச்சு."

வெர்லின் என்னைப் பார்த்தாள். நான் சட்டியைப் பார்த்தேன். மேளம் நெருங்கி வந்தது. திடீரென்று எழுந்து, "இந்தப் பக்கம் நீ பிடி," என்றாள் என்னிடம். நாற்காலியை ஆளுக்கொரு கையாகத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தோம்.

மரத்தைச் சுற்றி ரிப்பன்கள் சுழன்றன. சபையின் மூத்த பெண்மணி சிஸ்டர் ஐலீன் குடையோடு எதிர்ப்பட்டாள். "மிஸ் வெர்லின்? இங்கே உங்களுக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல, சிஸ்டர்."

ஆஸ்போர்ன் அவளுடைய நல்ல கையைப் பிடித்து இழுத்து, மேளத்துக்கு ஏற்பத் தன் தோளைக் குலுக்கினான். அவள் முதலில் கையை உருவப் பார்த்தாள். பிறகு கட்டுப்போட்ட கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நாற்காலியைச் சுற்றி ஆடினாள். இடுப்பு கனத்துப் போயிருந்தது, தாளம் தப்பவில்லை. சிரித்தாள். பாதியில் அழுகை வந்தது, ஆட்டத்தை நிறுத்தவில்லை.

திரும்பும் வழியில் என்னிடம் சொன்னாள்: "இந்த மாதிரி சந்தோஷத்தைப் பார்த்தா ஆண்டவர் முகம் சுளிப்பார்னு இத்தனை வருஷம் பயந்துட்டேன்டி. சுளிக்க மாட்டார்னு இப்பவும் அடிச்சுச் சொல்லத் தெரியல. ஆனா இன்னிக்கு சுளிச்ச மாதிரி தெரியல."

கட்டைப் பிரித்ததும் ஆர்கனுக்குத் திரும்பினாள். ஆனாலும் சில ஞாயிறுகளில் அதை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, ஆஸ்போர்னைக் கூட்டிவந்து அவன் பக்கத்தில் உட்காருகிறாள். நிம்மதியாக என்று சொல்ல மாட்டேன். பாதி ஆராதனையில் எழப்போவாள். அவன் அவள் பாவாடை நுனியைப் பிடித்துக்கொள்வான். அவள் அவனை முறைப்பாள், உட்காருவாள், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழப்போவாள்.