தோண்டாத தரையின் படம்

“என்னம்மா இது, குட்டையை வெட்டியே முடிச்சுட்டீங்களா?” என்றாள் வேளாண்மை அதிகாரி. வண்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு வந்தவள் பள்ளத்தின் விளிம்பிலேயே நின்றுவிட்டாள்.

“முடிச்சாச்சு மேடம்.” நிலத்துக்காரி சின்னவளுக்குப் பெருமை தாங்கவில்லை. “ரோடு வேலைக்கு வந்த பொக்லைன் இந்தப் பக்கமா போச்சு. மழைக்கு முன்னாடி வெட்டிடலாமேன்னு கூப்பிட்டேன். நீங்களும் ரெண்டு தடவை அலைய வேண்டாம் பாருங்க.”

“ஐயோ அம்மா! நான் வர்றதே தோண்டாத தரையைப் படம் எடுக்கத்தான். அந்தப் படம் இருந்தாத்தான் மானியம். வெட்டின குட்டைக்கு யாரு கொடுப்பா?”

சின்னவள் பள்ளத்தைப் பார்த்தாள். கையில் இருந்த பணமெல்லாம் அதை வெட்டுவதிலேயே போயிருந்தது. மணல் கலந்த மண். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போடாவிட்டால் தண்ணீர் நிற்காது. விரிப்புக்கு மானியத்தைத்தான் நம்பியிருந்தாள்.

“வேணும்னா மூடிடட்டுமா மேடம்? நீங்க படம் எடுத்ததும் திரும்ப வெட்டிக்கிறேன்.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. சின்னவளின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

“இங்க முன்னாடியே பள்ளம் ஏதாவது இருந்துச்சா? பழைய குட்டையை ஆழப்படுத்தினதுன்னா விரிப்புக்கு மட்டும் உதவி உண்டு. பக்கத்து நிலத்துக்காரங்க ஒருத்தர் சொன்னா போதும்.”

“இருந்துச்சு,” என்றாள் சின்னவள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பக்கத்து நிலம் பெரியவளுடையது. சின்னவளின் கணவனுக்கு அண்ணி. பொதுக்கிணறு வற்றிய கோடையில் ‘நீ இறைச்சதாலதான்’, ‘இல்ல, நீதான்’ என்று இருவரும் முட்டிக்கொண்டதோடு பேச்சு நின்றது. அண்ணனும் தம்பியும் போய்ச் சேர்ந்த பிறகும் அப்படியேதான். பெரியவளின் குட்டையில் தண்ணீர் மினுங்குவதைப் பார்த்துத்தான் சின்னவளும் மனுப் போட்டாள். மானியம் எப்படி வாங்கினாய் என்று மட்டும் கேட்கவில்லை. பொக்லைன் ஓட்டுநரைப் பிடித்துவைத்து, அவன் கொட்டாவி விடும்வரை பேசியவள், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதிகாரி கூப்பிட்டதும் பெரியவள் வேலி வரைக்கும் வந்தாள்.

“இங்க முன்னாடியே குட்டை இருந்துச்சாம்மா?”

“குட்டையா? சோளம் நின்ன எடம் மேடம். போன மாசம்தான் வெட்டினாங்க. அந்த இரைச்சல்ல என் காதே போச்சு.”

“அக்கா!” என்றாள் சின்னவள்.

“என்ன அக்கா? இத்தனை வருஷம் எங்கே போச்சு இந்த அக்கா?” பெரியவள் இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினாள். “வேலிகிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா, படம் எடுக்கறவரைக்கும் பொறுடின்னு சொல்லியிருக்க மாட்டேனா? நானும் அப்படிக் காத்துக்கிட்டு இருந்துதானே வாங்கினேன்.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?”

பெரியவள் முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

“அடுத்த வருஷம் வேற எடத்துல வெட்டறதா மனுப் போடுங்கம்மா,” என்றாள் அதிகாரி. “ஆனா நான் வர்றவரைக்கும் தரையில கை வைக்காதீங்க, சரியா?” வண்டி கிளம்பியது.

மழை அந்த வாரமே பிடித்தது. குட்டை நிறைவதைச் சின்னவள் குடையோடு நின்று பார்த்தாள். அடுத்த நாள் மதியத்துக்குள் பாதி இறங்கியது. மறுநாள் அடியில் சேறு மட்டும் கிடந்தது.

“நிக்குதா?” வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல்.

“இல்லக்கா.”

“நெறைஞ்சுதே, பார்த்தேன்.”

“நெறைஞ்சுது.”

இன்னும் ஏதாவது கேட்பாளோ என்று சின்னவள் வேலியோரம் வந்து நின்றாள். பிறகு அந்தப் பக்கம் பெரியவள் தன் வீட்டுக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.